கடந்த ஆண்டில் பிடித்த புத்தகம், படம், தொடர்: கூடலுக்குப் பட்டியல் எடுப்பது எப்படி?

வாவிக்கரை | களுவாஞ்சிக்குடி
2 ஜனவரி 2025

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வாசிகசாலையில் ஜனவரி 25, சனிக்கிழமை பின்னேரம் 3 மணிக்கு ஒரு கூடல் வைக்கிறோம். 2024இல் வாசித்த புத்தகம், பார்த்த படம், தொடர் இவற்றில் மனதில் நின்றதை ஆளாளுக்குச் சொல்லி, கடைசியில் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு பட்டியல் எடுக்க யோசனை. 40 பேரளவில் வருவார்கள். உயர்தரம் படிக்கும் பிள்ளைகளும் இளைப்பாறிய ஆசிரியர்களும் கலந்த கூட்டம்.

"2024இன் புத்தகம்" என்றால் 2024இல் அச்சானதா, நாங்கள் 2024இல் வாசித்ததா என்பதிலேயே இழுபறி. சென்னையில் தையில் வந்த புத்தகம் எங்கள் கைக்கு ஆவணியில்தான் சேர்கிறது. அடுத்தது வாக்கு. எல்லோரும் பார்த்த பெரிய படத்துக்கு 30 கை எழும்பும். மூன்று பேர் மட்டும் வாசித்த நல்ல கவிதைத் தொகுப்பு அடியில் போய்விடும். இதை எப்படிச் சரிக்கட்டுவது?

மற்றது திரையிடல். மண்டபம் 9 மீற்றர் நீளம், 6 மீற்றர் அகலம், தகரக் கூரை. புரொஜெக்டர் இரவல் வாங்க வேண்டும். லப்டொப்பில் தமிழ் சப்டைட்டில் போட்டால் கொம்பும் புள்ளியும் கழன்று தனியே நிற்கின்றன. சில பைல்களில் ஆங்கில எழுத்தாகவே வருகிறது. முழுப்படம் போடலாமா, துண்டு மட்டும் காட்டலாமா என்பதும் தெரியவேண்டும். விசயம் தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கோ.

ஏட்டுக்கட்டு | நிந்தவூர்

தங்கச்சி, முதலில் ஆண்டுக் கணக்கைத் தீர்த்துவிடுங்கள். அதைத் தீர்க்காமல் கூடினால் முதல் ஒரு மணித்தியாலம் அதிலேயே போய்விடும்.

பட்டியலுக்குள் வர ஒரே ஒரு விதி போதும்: ஆள் அதை 2024 ஜனவரி 1க்கும் டிசம்பர் 31க்கும் இடையில் வாசித்து அல்லது பார்த்து முடித்திருக்க வேண்டும். அச்சான ஆண்டு தகுதியைத் தீர்மானிக்கக் கூடாது. ஆனால் அதைப் பதிவுசெய்ய வேண்டும். கடைசிப் பட்டியலில் "புதியது" என்றும் "முந்தியது" என்றும் இரண்டு பகுதி வைத்து, 2023 யூலை முதல் வந்ததையெல்லாம் புதியது என்று எடுங்கள். இந்த 18 மாதத்துக்குக் காரணம் நீங்கள் சொன்னதேதான். சென்னைப் புத்தகக் கண்காட்சி ஜனவரியில் வருவதால் பதிப்பகங்கள் டிசம்பரிலேயே அச்சடித்துவிடுகின்றன. புத்தகத்துக்குள் முந்திய ஆண்டு கிடக்கும். நம் பக்கத்தில் பலர் வாங்குவது செப்ரெம்பரில், கொழும்பில் பண்டாரநாயக்க மாநாட்டு மண்டபத்தில் நடக்கும் சர்வதேசப் புத்தகக் கண்காட்சியில். 12 மாதக் கணக்கு வைத்தால் இந்த ஊர் வாசகர்தான் தண்டிக்கப்படுவார்.

ஆண்டைப் பார்க்கும் இடம் உட்புறத் தகவல் பக்கம். "முதற்பதிப்பு" என்ற வரியை எடுங்கள். "இரண்டாம் பதிப்பு", "மீள்பதிப்பு" என்ற வரிகளை விடுங்கள். பழைய நாவலின் புதிய அட்டையைப் பார்த்துப் புதுப்புத்தகம் என்று எழுதுவது வழமையான பிழை. மொழிபெயர்ப்பில் இரண்டு ஆண்டு இருக்கும். தமிழில் வந்த ஆண்டுதான் கணக்கு; மொழிபெயர்த்தவர் பெயருக்குத் தனிக் கட்டம் கட்டாயம் வேண்டும். பாதிப் பட்டியல்களில் அந்தப் பெயர் விடுபட்டுப் போகிறது. உழைப்பில் பெரும்பங்கு அவருடையது.

நம்நாட்டு நூல் எது என்று பிரிக்க விரும்பினால் பின்னட்டை இலக்கத்தைப் பாருங்கள். 978-955, 978-624 என்று தொடங்கினால் இலங்கைப் பதிப்பு. 978-81, 978-93 என்றால் இந்தியப் பதிப்பு. ஆனால் அது பதிப்பாளர் எந்த நாட்டில் பதிந்திருக்கிறார் என்பதை மட்டும்தான் காட்டும். நம் எழுத்தாளர் சென்னையில் போட்ட புத்தகத்தில் 93தான் நிற்கும். ஊரில் சொந்தச் செலவில் அச்சடித்த பல நூல்களில் அந்த இலக்கமே இருக்காது. அவற்றை இலக்கம் இல்லை என்று தள்ளிவிடாதீர்கள்; இப்படியான கூடலில் பேசாவிட்டால் அவை வேறெங்கும் பேசப்படா.

படத்துக்கு மூன்று திகதி இருக்கும்: விழாவில் காட்டியது, தியேட்டருக்கு வந்தது, ஓடிடியில் ஏறியது. பொதுமக்கள் காசு கொடுத்துப் பார்க்கக்கூடிய முதல் திகதியை எடுங்கள். தொடர் என்றால் ஒரு சீசன் ஓர் அலகு. மூன்று சீசன் வந்த தொடரை மொத்தமாக எழுதவிட்டால் ஒருவர் முதலாவதைப் பற்றிப் பேசுவார், மற்றவர் மூன்றாவதைப் பற்றி. தினம் ஓடும் ரீவி நாடகத்துக்கு சீசன் கிடையாது; குறைந்தது 20 பாகம் 2024இல் பார்த்தவர் மட்டும் புள்ளி போடலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படிவத்தில் கேட்கவேண்டியவை: அட்டையில் உள்ளபடி தலைப்பு, எழுதியவர், மொழிபெயர்த்தவர், பதிப்பகம், முதற்பதிப்பு ஆண்டு, பக்கம், முடித்த மாதம், எங்கே கிடைக்கும், ஏன் பிடித்தது என்று இரண்டு வரி. படத்துக்கு மொழி, நீளம், எங்கே பார்த்தது, சப்டைட்டில் எந்த மொழியில். இதோடு "பாதியில் விட்டது" என்று ஒரு கட்டமும் வையுங்கள், எந்தப் பக்கத்தில் விட்டார் என்பதோடு. ஐந்து பேர் ஒரே புத்தகத்தை 60ஆம் பக்கத்துக்குள் விட்டிருந்தால் அதுவும் வாசகருக்கு உதவும் செய்திதான்.

படிவத்தை இரண்டு தடவையாக ஓட்டுங்கள். முதல் கிழமை பெயர் சேகரிப்பு மட்டும். ஒரே படத்தின் பெயர் ஐந்து எழுத்துக்கூட்டலில் வரும். ஒற்று விட்டது, ஆங்கிலத்தில் அடித்தது, பாதிப்பெயர் என்று. அதை ஒருவர் இருந்து வடிவாகச் சரிபார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் போட்டு, இரண்டாம் கிழமை அந்த இலக்கத்துக்குத்தான் புள்ளி கேட்க வேண்டும். நேரே வாக்கெடுப்பு வைத்தால் ஒரே படைப்பின் வாக்கு நாலாகச் சிதறும்.

கணக்குச் சேர் | ஏறாவூர்

ஏட்டுக்கட்டு காக்கா சொன்ன இலக்க முறைதான் அடித்தளம். அதன்மேல் வாக்கு இப்படி.

கை உயர்த்துவது வேண்டாம். அது எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதைத்தான் அளக்கும், எவ்வளவு பிடித்தது என்பதை அளக்காது. முடித்தவர் மட்டும் 1 முதல் 5 வரை புள்ளி போடட்டும். அரைப்புள்ளி கிடையாது. ஒவ்வொரு புள்ளிக்கும் பொருளைப் படிவத்திலேயே எழுதிவிடுங்கள்: 1 என்றால் முடித்ததற்கு வருந்துகிறேன், 3 என்றால் நேரம் வீணாகவில்லை, 5 என்றால் இன்னொருவர் கையில் வலிந்து கொடுப்பேன். பொருள் எழுதாவிட்டால் இளகிய மனத்தார் எல்லாவற்றுக்கும் 4, 5 போடுவார்கள், கறாரானவர் 3க்கு மேல் ஏறமாட்டார்.

வெறும் சராசரியும் பிழைக்கும். ஒரே ஒருவர் வாசித்து 5 போட்டால் அந்தப் புத்தகம் முதலாமிடம். அதனால் ஒவ்வொரு படைப்புக்கும் கற்பனையாக மூன்று பேர் ஆளுக்கு 3 புள்ளி போட்டதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதாவது மொத்தப் புள்ளியோடு 9ஐக் கூட்டி, வந்ததை ஆட்கள் + 3 ஆல் வகுப்பது. உதாரணம்:

12 பேர் பார்த்த படம், மொத்தம் 47. சராசரி 3.92. திருத்தியது: 56 ÷ 15 = 3.73.
3 பேர் வாசித்த தொகுப்பு, மொத்தம் 14. சராசரி 4.67. திருத்தியது: 23 ÷ 6 = 3.83.
ஒருவர் மட்டும் வாசித்த நாவல், 5 புள்ளி. திருத்தியது: 14 ÷ 4 = 3.50.

பாருங்கள், மூன்று பேர் வாசித்த தொகுப்பு மேலே வந்துவிட்டது. ஒருவரின் ஆர்வம் மட்டும் பட்டியலைத் தூக்கவில்லை. 40 பேர் கூட்டத்துக்கு இந்த 3 என்ற எண் அளவாக இருக்கும். 10 பேர் மட்டும் என்றால் 2 போதும். புள்ளிக்குப் பக்கத்தில் எத்தனை பேர் போட்டார்கள் என்பதையும் கட்டாயம் அச்சிடுங்கள்.

புத்தகம், படம், தொடர் மூன்றையும் ஒரே பட்டியலில் கலக்கவேண்டாம். இரண்டு மணித்தியாலப் படமும் 400 பக்க நாவலும் ஒரே தராசில் ஏறா.

ஒருவர் மட்டும் வாசித்து 4 அல்லது 5 போட்டவற்றைத் தனியாகப் பிரித்து எடுங்கள். என் கணிப்பில் முழுக்கூடலிலும் பெறுமதியான தாள் அதுதான். அடுத்த ஆண்டு வாசிகசாலைக்கு எதை வாங்குவது என்று கேட்டால் அதைக் காட்டலாம்.

இன்னொரு விதி, சங்கடமானது என்றாலும் வேண்டும்: தான் எழுதிய, உறவுக்காரர் எழுதிய, தான் பிழைதிருத்திய, அட்டை போட்ட நூலுக்குப் புள்ளி போடக்கூடாது, அதைப் பற்றிப் பேசலாம். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் எழுதுபவரும் வாசிப்பவரும் ஒரே வட்டத்துக்குள். இந்த விதியை முதலே சொன்னால் யாரும் மனம் நோகமாட்டார்கள். புள்ளி வந்தபிறகு சொன்னால் நோவார்கள்.

வாவிக்கரை | களுவாஞ்சிக்குடி

நன்றி சேர், நன்றி காக்கா. வட்ஸ்அப் குறூப்பிலேயே வாக்கெடுப்பு வைத்தால் போதாதா? எல்லோரும் அதில் இருக்கிறார்கள்.

கணக்குச் சேர் | ஏறாவூர்

வேண்டாம் மகள். அதில் ஒரு கேள்விக்கு 12 தெரிவுக்கு மேல் போட ஏலாது. யார் எதற்குப் போட்டார் என்பதும் எல்லோருக்கும் தெரியும். முதலில் மூத்த ஒருவர் போட்டதைப் பார்த்து இளையவர்கள் அதன் பின்னாலேயே போவார்கள். 5 புள்ளி முறைக்கும் அது பொருந்தாது. கூகுள் படிவம், அல்லது போட்டோக்கொப்பி எடுத்த ஒரு தாள். தாள்தான் மூத்தவர்களுக்கு வசதி.

கூகுள் படிவம் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். பதில்களை சிஎஸ்வி பைலாக இறக்கி எக்செல்லில் இரட்டைக் கிளிக் பண்ணித் திறந்தால் தமிழ் முழுவதும் கிறுக்கலாக வரலாம். அப்படித் திறந்து சேமித்துவிட்டால் மூலமும் போய்விடும். எக்செல்லை வெறுமையாகத் திறந்து, "டேட்டா" மெனுவில் பைலை உள்ளே எடுக்கும் இடத்தில் "65001 யூனிகோட் யூடிஎப்-8" என்பதைத் தெரிவுசெய்யுங்கள். அல்லது கூகுள் ஷீட்டிலேயே வைத்துக் கூட்டுங்கள். அதில் இந்தத் தொல்லை இல்லை.

வெள்ளைச்சுவர் | கல்லடி

திரையிடல் பகுதிக்கு நான் சொல்கிறேன்.

9 மீற்றர் மண்டபத்துக்குப் படத்தின் அகலம் 2.4 மீற்றர் வைத்தால் சரி. 16:9 என்றால் உயரம் 1.35 மீற்றர். கடைசி வரிசையில் இருப்பவர் சப்டைட்டில் வாசிக்கவேண்டும் என்றால் படத்தின் உயரத்தைப் போல் ஆறு மடங்குக்கு மேல் தூரம் இருக்கக்கூடாது, 1.35இன் ஆறு மடங்கு 8.1 மீற்றர், உங்கள் மண்டபத்துக்கு அளவாகப் பொருந்துகிறது. படத்தின் கீழ் விளிம்பு நிலத்திலிருந்து 1.2 மீற்றருக்குக் குறையக் கூடாது. குறைந்தால் முன்னால் இருப்பவரின் தலை சப்டைட்டிலை மறைக்கும். பின்வரிசை எழும்பிப் போவதற்கு முதற்காரணம் இதுதான். கதிரைகளை ஒன்றுவிட்டு ஒன்று தள்ளி, முன்னவரின் தோளுக்கு நேரே பின்னவரின் தலை வருமாறு அடுக்குங்கள்.

புரொஜெக்டர் தூரத்துக்குக் கணக்கு: அதன் கையேட்டில் "த்ரோ ரேஷியோ" என்று ஓர் எண் இருக்கும். அதைப் பட அகலத்தால் பெருக்குங்கள். எண் 1.5 என்றால் 1.5 × 2.4 = 3.6 மீற்றர். இரவல் தருபவரிடம் மொடல் பெயரைக் கேட்டு இந்த எண்ணை முதலே பார்த்துவிடுங்கள். அந்தத் தூரத்தில் நடுவில் ஒரு மேசை நிற்கும் என்பதால் நடுவழி விட்டுத்தான் கதிரை போடவேண்டும்.

வெளிச்சம்: ஏஎன்எஸ்ஐ லூமென் 3000 உள்ள வகுப்பறைப் புரொஜெக்டர் இந்த அளவுக்குத் தாராளம். 2.4 × 1.35 = 3.24 சதுர மீற்றர். 3000ஐ அதால் வகுத்தால் ஏறத்தாழ 925 லக்ஸ், அதாவது ஒரு சதுர மீற்றரில் விழும் வெளிச்சம். முன்பக்கத்து டியூப் லைட்டை மட்டும் அணைத்தாலே படம் தெரியும். இணையத்தில் மலிவாக விற்கும் சின்னப் புரொஜெக்டர்களின் பெட்டியில் 9000 லூமென் என்று போட்டிருந்தாலும் ஏஎன்எஸ்ஐ என்ற சொல் இல்லை என்றால் அந்த எண்ணை நம்பவேண்டாம். உண்மையில் 200 இருந்தால் உங்கள் திரைக்கு 62 லக்ஸ்தான் வரும். நல்ல இருட்டில்கூட மங்கல்.

வெள்ளைப் பெட்சீட் கட்டவேண்டாம். வெளிச்சத்தில் ஒரு பங்கு துணியைக் கடந்து பின்னுக்குப் போகும், மின்விசிறிக் காற்றுக்கு அலையும். மட்டமான வெள்ளைச் சுவர் இருந்தால் அதுவே திரை. புரொஜெக்டரைச் சாய்த்துவைத்து "கீஸ்டோன்" போட்டு நேராக்காதீர்கள். படத்தைச் சுருக்கித்தான் நேராக்கும், மெல்லிய தமிழ் எழுத்தின் சுழிகள் அடைந்துபோகும். மேசையை உயர்த்திச் சுவருக்கு நேரே வையுங்கள்.

கறண்ட் நின்றால்: பல்ப் உள்ள புரொஜெக்டருக்கு அணைத்தபிறகும் விசிறி ஓடவேண்டும். சடுதியாக நின்றால் சூடு உள்ளேயே தங்கி பல்பின் ஆயுள் குறையும். கறண்ட் வந்ததும் உடனே போட்டால் பற்றாது. 10, 15 நிமிடம் ஆறவிடவேண்டும். 650 விஏ யூபிஎஸ் ஒன்று இருந்தால் 250, 300 வோட் புரொஜெக்டரைச் சில நிமிடம் தாங்கும். அதற்குள் முறையாக அணைத்துவிடலாம். எல்ஈடி, லேசர் வகைக்கு இந்தப் பயம் குறைவு.

சத்தம்: புளூடூத் ஸ்பீக்கர் வேண்டாம். வாயசைவுக்குப் பின்னால் குரல் வரும். வயர்தான். லப்டொப்பிலிருந்து அம்பிளிபயருக்குக் கொடுத்ததும் "ம்ம்ம்" என்று இரைந்தால் லப்டொப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றால் எர்த் சுற்றுதான் காரணம். இரண்டையும் ஒரே பிளக் பலகையில் செருகுங்கள், அல்லது பற்றரியில் ஓட்டுங்கள்.

மற்றது மழை. தைமாதக் கடைசியிலும் நமக்கு வடகீழ்ப் பருவமழை ஓயாது. தகரக் கூரையில் கனமழை விழுந்தால் எந்த ஸ்பீக்கரும் எடுபடா. சத்தத்தைக் கூட்டக் கூட்டக் குரல் இன்னும் கலங்கும். அந்த நேரத்துக்குத் துண்டுப்படத்தை நிறுத்தி, ஆறாறு பேராக வட்டமாக இருந்து புத்தகம் பேசுமாறு முதலே ஏற்பாடு வையுங்கள். வெளியில் திரை கட்டும் யோசனை இருந்தால் இந்தக் காலத்துக்கு விட்டுவிடுங்கள்.

நேரம்: ஜனவரி 25 அளவில் மட்டக்களப்பில் பொழுது படுவது 6 மணி கடந்து. யன்னல் திறந்திருந்தால் 6.30க்கு முன் படம் வெளிறித்தான் தெரியும். 3.15 முதல் 5.15 வரை பேச்சு என்று வையுங்கள்: ஆளுக்கு 4 நிமிடம், மாறுவதற்கு 1 நிமிடம், 24 பேருக்கு 120 நிமிடம். மற்ற 16 பேரின் தெரிவு சுவரில் ஒட்டிய தாளில். தேநீர், பிறகு புள்ளி வாசிப்பு. 6.05க்கு மஃரிப் தொழுகைக்கு இடைவேளை விட்டு, 6.30க்குத் திரை. தூரத்து ஆட்கள் பஸ்ஸுக்குப் போக 7.30க்கு முடித்துவிடுங்கள்.

அரைப்புள்ளி | கல்முனை

சப்டைட்டில் உடைவதற்கு மூன்று வெவ்வேறு காரணம் உண்டு. எது என்று கண்டுபிடிக்காமல் மினக்கெடக்கூடாது.

ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாக வந்தால் அந்தப் பைல் யூனிகோட் அல்லாத பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தது. நம் நாட்டில் பழைய அச்சகங்களும் அலுவலகங்களும் அதிலேயே பழகியதால் இன்னும் வருகிறது. எழுத்துரு மாற்றினால் லப்டொப்பில் தெரியும், பிளேயரில் தெரியாமல் போகலாம். இணையத்தில் உள்ள பாமினி–யூனிகோட் மாற்றியில் வசனத்தை மட்டும் போட்டு மாற்றுங்கள். நேரக் குறியீட்டு வரிகளையும் சேர்த்துப் போட்டால் முற்றுப்புள்ளி, கமாக்கள் மாறி, பைல் ஓடாது. மாற்றியபின் ஸ்ரீ, க்ஷ, கொம்போடு கால் சேரும் எழுத்துகளைக் கண்ணால் பாருங்கள்; அங்குதான் பிழைவிடும்.

வெறும் கேள்விக்குறியாக வந்தால் யாரோ நோட்பேட்டில் "அன்சி" என்று சேமித்துவிட்டார்கள். எழுத்து அழிந்துவிட்டது, மீட்க ஏலாது. மூலப்பைலைத் திரும்ப எடுத்து, சேமிக்கும்போது கீழே "யூடிஎப்-8" தெரிவுசெய்யுங்கள்.

கொம்பும் புள்ளியும் கழன்று நின்றால், அல்லது பெட்டி பெட்டியாக வந்தால், எழுத்துருக் கோளாறு. விஎல்சி பிளேயரில் விருப்பத்தேர்வுகளுக்குள் சப்டைட்டில் பக்கத்துக்குப் போய், எழுத்துருவை "நிர்மலா யூஐ" ஆக்கி, குறிமுறையை யூடிஎப்-8 ஆக்கி, பிளேயரை மூடித் திறவுங்கள். விஎல்சி பழைய பதிப்பு என்றால் புதியதைப் போடுங்கள்.

நேரம் பிந்தினால்: எல்லா இடத்திலும் ஒரே அளவு பிந்துகிறதா? அப்படியானால் விஎல்சியில் ஜி, எச் விசைகள். ஒரு தட்டுக்கு 50 மில்லிசெக்கன் முன்னே பின்னே நகரும். சத்தத்துக்கு ஜே, கே. தொடக்கத்தில் சரியாக இருந்து போகப்போக விலகினால் விசையால் தீராது. 23.976 பிரேம் படத்துக்கு 25 பிரேம் சப்டைட்டில் போட்டிருக்கிறார்கள். ஒரு மணித்தியாலத்தில் இரண்டரை நிமிடமளவு விலகிவிடும். "சப்டைட்டில் எடிட்" என்ற இலவச மென்பொருளில் பிரேம் வேகத்தை மாற்றிச் சேமித்தால் சரி.

நீங்களே தமிழில் எழுதுவதென்றால் ஒரு தடவைக்கு இரண்டு வரி, வரிக்கு 5, 6 சொல். தமிழ்ச் சொல் நீளம்; ஆங்கில வசனத்தை முழுதாகப் பெயர்த்தால் வாசித்து முடியுமுன் மறைந்துவிடும். எவ்வளவு அழகான வசனம் என்றாலும் சுருக்குங்கள். குறைந்தது ஒன்றரைச் செக்கன் நிற்கட்டும்.

பென் ட்ரைவில் கொண்டுபோவதானால் இரண்டு கவனம். பேட்-32 முறையில் உள்ள பென்னில் 4 ஜிபிக்கு மேற்பட்ட பைல் ஏறாது. பழைய ரீவி, புரொஜெக்டர்களில் எச்.265 என்ற புதிய முறையில் சுருக்கிய படம் சத்தம் மட்டும் தரும், படம் வராது, எச்.264 ஆக வைத்திருங்கள். லப்டொப்பில் ஓட்டினால் இரண்டும் பிரச்சினை இல்லை.

கரைவாகு | கல்முனை

முழுப்படம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி பொதுவில் காட்டும் உரிமை படைப்பின் உரிமையாளருக்குத்தான். ரிக்கெற் இல்லாமல் இலவசமாகக் காட்டினாலும் அது பொதுக்காட்சிதான். அதோடு பொதுக்காட்சிகளுக்கு 1912ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டமும் இருக்கிறது. தணிக்கைச் சபை என்று நாம் சொல்வது அதன்கீழ் வருவது. ஓடிடிக் கணக்கு வீட்டுப் பாவனைக்கு மட்டும் என்று அவர்களின் நிபந்தனையிலேயே இருக்கும்.

விமர்சனம், கற்பித்தல் போன்றவற்றுக்கான நியாயமான பாவனையை அதே 2003ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கிறது. நோக்கம் என்ன, எவ்வளவு எடுத்தீர்கள், அதால் விற்பனைக்குப் பாதிப்பு உண்டா என்பவற்றைப் பார்ப்பார்கள். ஆகவே இரண்டு மூன்று நிமிடத் துண்டைக் காட்டி, நிறுத்தி, அதைப் பற்றியே பேசுவது வேறு. முழுப்படத்தை ஓட்டிவிட்டுக் கலைவது வேறு. இன்னும் பாதுகாப்பான வழி தயாரிப்பாளரே யூரியூப்பில் போட்ட முன்னோட்டத்தை அங்கிருந்தே ஓட்டுவது. அன்றைக்கு இணையம் இழுபடும். கைத்தொலைபேசி ஹொட்ஸ்பொட் இரண்டு வெவ்வேறு நிறுவனத்துச் சிம்மில் வைத்திருங்கள்.

ஓடிடியைத் திரைக்குக் கொடுக்கும்போது சத்தம் மட்டும் வந்து படம் கறுப்பாக நின்றால் லப்டொப்பில் பழுதில்லை. நகலெடுப்பைத் தடுக்கும் பூட்டு அது. எச்டிஎம்ஐயை விஜிஏ ஆக்கும் மலிவான மாற்றியைப் பாவித்தால் பெரும்பாலும் இப்படி ஆகும்.

முழுதாக ஒன்று காட்ட ஆசை என்றால் நம் பக்கத்துக் குறும்படங்களைத் தேடுங்கள். கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம், வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் என்று மூன்று இடமிருக்கிறது. அங்கு கேட்டால் படம் எடுக்கும் பிள்ளைகளைப் பிடிக்கலாம். 10, 15 நிமிடப் படம், எடுத்தவரின் அனுமதி எழுத்தில்: படப்பெயர், திகதி, இடம், ஒரு தடவை, இலவசம் என்று ஐந்து விபரம் போதும். பாட்டின் உரிமை வேறொருவரிடம் இருக்கலாம் என்பதையும் கேட்டுவிடுங்கள்.

புத்தகத்தில் ஒரு பந்தி வாசித்துக் காட்டுவதில் பிரச்சினை இல்லை. எழுதியவர் பெயரைச் சொல்லுங்கள். முழுப்புத்தகத்தைக் கொப்பி எடுத்து வட்ஸ்அப்பில் பகிர்வதை மட்டும் கண்டிப்பாக நிறுத்துங்கள். 300 பிரதி அச்சடிக்கும் ஊர் எழுத்தாளருக்கு அது நேரடி நட்டம்.

ஏட்டுக்கட்டு | நிந்தவூர்

பேசுபவர்களுக்கு ஒரு குறிப்பு விட்டுப்போச்சு. நாலு நிமிடத்தில் கதை சொல்ல வெளிக்கிட்டால் மூன்று நிமிடம் கதையிலேயே போய்விடும். நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்கு 100 சொல்லளவு. ஆகவே 150 சொல்லில் ஒரு பந்தியைத் தெரிந்து, ஒன்றரை நிமிடம் வாசிக்கட்டும். மிச்ச நேரத்தில் அந்தப் பந்தியில் தன்னைப் பிடித்தது என்ன, யாருக்கு இது பிடிக்காது என்று சொல்லட்டும். யாருக்குப் பிடிக்காது என்பது முக்கியம். கேட்பவர் தனக்கானதா என்று அதில்தான் பிடித்துக்கொள்வார். பந்தி முதல் மூன்றில் ஒரு பங்கிலிருந்து வரட்டும், முடிவு வெளியே தெரியாது.

அச்சடிக்கும் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் நேரே "இரவல் தருபவர்: படிவ இலக்கம் 14" என்பதுபோல் போடுங்கள். பெயர், தொலைபேசி போடவேண்டாம். நூலகர் இலக்கத்தைப் பார்த்து இணைத்துவிடுவார். கிடைக்கும் வழி இல்லாத பட்டியல் சுவரில் பழுப்பேறும். பழைய ஈழத்து நூல்களுக்கு நூலகம் இணையத்தளத்தையும் தேடிப் பாருங்கள். 2005 முதல் நம் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேர்த்து இலவசமாகத் தருகிறார்கள்.

வாவிக்கரை | களுவாஞ்சிக்குடி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. முழுப்படத்தை விட்டுவிட்டோம்; இரண்டு குறும்படமும் நாலு முன்னோட்டமும்தான். பெயர் சேகரிப்பு ஜனவரி 11 வரை, பொங்கல் கழித்து 16 முதல் 22 வரை புள்ளி, 23, 24 கூட்டிக் கழிக்க. படிவத்தில் மொழிபெயர்த்தவருக்கும் பாதியில் விட்டதற்கும் கட்டம் சேர்த்தாச்சு. மண்டபத்துச் சுவரில் முன்பக்கம் 2.7 மீற்றர் உயரத்தில் ஒரு மின்விசிறிச் சுவிட்ச் பலகை இருக்கிறது, 1.2 மீற்றரில் தொடங்கினால் படம் 2.55இல் முடியும், தட்டாது என்று நினைக்கிறேன். சரிதானே?

வெள்ளைச்சுவர் | கல்லடி

சரி. 15 சென்ரிமீற்றர் மிச்சம் இருக்கிறது. முதல்நாள் பின்னேரமே புரொஜெக்டரை வைத்து நாலு மூலைக்கும் பென்சில் குறி போட்டுவிடுங்கள், மேசைக் காலுக்கு நிலத்திலும் ரேப் ஒட்டுங்கள். தொழுகை இடைவேளைக்குப் பிறகு யாராவது மேசையை இடித்திருப்பார்கள். குறி இருந்தால் ஒரு நிமிடத்தில் திரும்ப நிறுத்தலாம்.